இசட்.எஃப். 8எச்பி கியர்பாக்ஸ் ஆயில் கிட்: வீட்டிலேயே மாற்ற நினைப்பவர்களுக்கு

எஃப்30 தலைமுறை பி.எம்.டபிள்யூ. 320டி காரில் இருப்பது ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனத்தின் 8எச்பி என்ற எட்டு வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். அதன் ஆயிலை வண்டியின் ஆயுள் முழுவதும் மாற்றவே வேண்டாம் என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆனால், கியர்பாக்ஸைச் செய்த இசட்.எஃப். நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுகளுக்குள், மாற்றிவிடுமாறு பரிந்துரைக்கிறது. நான் இசட்.எஃப். சொல்வதைத்தான் ஏற்றுக்கொண்டு, அவர்களின் கிட்டையே வாங்கினேன்.

ஏழு லிட்டர் லைஃப்கார்டு 8 ஆயில், கியர்பாக்ஸின் அடியில் ஆயிலைத் தாங்கும் தட்டான புதிய பிளாஸ்டிக் ஆயில் பான், புதிய போல்ட்டுகள் ஆகியவை பெட்டியில் வருகின்றன. ஃபில்டர் பானுக்குள்ளேயே பொருத்தப்பட்டிருப்பதால் அதை மட்டும் தனியே மாற்ற வழியில்லை. பான் முழுவதையுமே மாற்றியாக வேண்டும். செலவு கூடினாலும் இதில் ஒரு நன்மை உண்டு. கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டும் இரும்புத் துகளைப் பிடிக்கும் காந்தங்களும் புதிதாகவே கிடைப்பதால், பழைய பானைக் கழுவித் துடைத்து மறுபடி பூட்டும்போது ஏற்படும் கசிவு பற்றிய கவலை இல்லை. கழற்றிய பானின் காந்தங்களில் மை போன்ற கரிய பசை படிந்திருந்தது. அது கிளட்சுத் தட்டுகளின் இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் உலோகச் சில்லுகள் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

ஆயில் பான் மாற்றுவது கடினமல்ல. புதிய போல்ட்டுகளை, முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு 10 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கினால் போதும். பிளாஸ்டிக் என்பதால் அதற்கு மேல் கைவலிமையைக் காட்டக் கூடாது. ஆயிலை வடிப்பதற்கு முன், புது ஆயில் ஏற்றும் துளையின் மூடியான ஃபில்லர் பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிடுவது அவசியம், ஏனெனில் அது திறக்காவிட்டால் காலியான கியர்பாக்ஸுடன் வண்டி அங்கேயே நின்றுவிடும்.

உண்மையான வேலை, அளவு பார்ப்பதில் இருக்கிறது. ஆயில் மட்டம் பார்க்கும் கம்பி (டிப்ஸ்டிக்) இதில் கிடையாது. வண்டி நான்கு ஸ்டாண்டுகளின் மீது சமமட்டமாக நிற்க, ஃபில்லர் துளை வழியே கைப்பம்பினால் வழியும் வரை ஆயிலை ஏற்றி, இன்ஜினை ஓடவிட்டு, இன்ஜின் விசையை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் இழுத்துக்கொண்ட அளவை மீண்டும் ஏற்றி, ஒவ்வொரு கியரையும் சில நொடிகள் போட்டெடுத்த பிறகு, ஆயிலின் வெப்பம் 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போது, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கையிலேயே, மெல்லிய நூலாக வழியும் நிலையில் பிளக்கை மூட வேண்டும். சூடேறிய ஆயில் விரிவடைந்து வழிவதை நம்பி மூடினால் அளவு குறைந்துபோகும். சென்னை வெயிலில் நண்பகலில் தொடங்கினால் ஆயில் விரைவில் 50 டிகிரியைத் தாண்டிவிடும் என்பதால் விடியற்காலையே ஏற்ற நேரம். வண்டியின் கணினியைப் படித்து ஆயில் வெப்பத்தைக் காட்டும் ஓ.பி.டி. ஸ்கேனர் கையில் இல்லாதவர்கள் இந்தக் கிட்டை வாங்கினாலும் வேலையை மெக்கானிக்கிடம் ஒப்படைப்பதே நல்லது.

கியர்பாக்ஸின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பகுதியான மெக்கட்ரானிக்கிற்கு மின் இணைப்பு நுழையும் இடத்திலுள்ள சீல் ஸ்லீவ் நான் வாங்கிய கிட்டில் இல்லை. காலப்போக்கில் கசியக்கூடிய பாகம் அது; பான் கழன்றிருக்கும்போதே மாற்றுவது எளிது என்பதால் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

மெதுவாக நிறுத்தும்போது இரண்டிலிருந்து முதல் கியருக்கு இறங்குகையில் உணர்ந்த லேசான உதறல் இப்போது இல்லை. பழைய ஆயிலில் ஒரு பகுதி டார்க் கன்வெர்ட்டரிலேயே தங்கிவிடுவதால் இது முழுமையான ஆயில் மாற்றம் ஆகாது. ஏற்கெனவே வழுக்கும் கிளட்சை எந்த ஆயிலும் சரிசெய்யாது.