பீருக்குத் தண்ணீர்: மாத்திரையா, கார்பனா, ஆர்.ஓ.வா?

பீரில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். ஆனாலும் வீட்டில் பீர் காய்ச்சுபவர்கள் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவுக்கும், நொதிக்க வைக்கும் ஈஸ்டுக்கும் மெனக்கெடுவதில் பாதிகூடத் தண்ணீருக்கு மெனக்கெடுவதில்லை. குழாய்த் தண்ணீரில் வம்பு செய்பவை இரண்டு. ஒன்று, கிருமிகளைக் கொல்லப் போடும் குளோரின் வகையறா. இன்னொன்று, தண்ணீரிலேயே கரைந்து வரும் பைகார்பனேட். நமக்கு எது தொல்லை என்று தெரியாமல் ஃபில்டர் வாங்குவது காசுக்குக் கேடு.

முதலில் குளோரின். இது மால்ட்டில் (முளைகட்டி உலர்த்திய பார்லி) உள்ள ஃபீனால்களோடு சேர்ந்தால் குளோரோஃபீனால் உருவாகும். காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் வாசனை அப்படியே பீரில் வந்துவிடும். லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் இருந்தாலே நாக்கு கண்டுபிடித்துவிடும். பாட்டிலில் எத்தனை மாதம் வைத்தாலும் போகாது.

செலவில்லாத வழி, தண்ணீரை இரவு முழுக்கத் திறந்து வைப்பது, அல்லது கால் மணி நேரம் கொதிக்க விடுவது. வெறும் குளோரின் என்றால் இதுவே போதும். ஆனால் பல ஊர்களில் இப்போது குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) போடுகிறார்கள். குழாயில் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் என்பதற்காகவே அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் பாத்திரத்திலும் அது அப்படித்தான் அடம்பிடிக்கும்.

அங்கேதான் கேம்ப்டன் மாத்திரை. என் ஓட்டு இதற்கே. உள்ளே இருப்பது மெட்டாபைசல்ஃபைட். ஒரு மாத்திரை சுமார் 75 லிட்டருக்குப் போதும், ஆக 20 லிட்டருக்கு ஏறக்குறைய கால் மாத்திரை. கரண்டியின் பின்பக்கத்தால் பொடித்து, அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, ஊற்றிக் கலக்குங்கள். முழுசாகப் போட்டால் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். சில நிமிடங்களில் குளோரின், குளோரமின் இரண்டும் காலி. மிஞ்சும் சல்ஃபேட்டும் குளோரைடும் கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு.

கார்பன் ஃபில்டரும் இதே வேலையைச் செய்யும், மெதுவாக விட்டால். குளோரமினைப் பிடிக்கக் கார்பனோடு கூடுதல் நேரம் தொடர்பு வேண்டும். அவசரத்தில் குழாயை முழுசாகத் திறந்தால் அது தப்பித்து வந்துவிடும். கார்ட்ரிட்ஜ் தேய்ந்துபோனதும் கண்ணுக்குத் தெரியாது. ஏற்கெனவே வீட்டில் இருந்தால் சரி, பீருக்காகப் புதிதாக வாங்க வேண்டாம்.

மாத்திரையும் கார்பனும் பைகார்பனேட்டைத் தொடாது. அது தண்ணீரின் காரத்தன்மையைக் கூட்டும். மால்ட்டை ஊறவைக்கும் மாஷில் பி.ஹெச். (அமில-கார அளவு) 5.2 முதல் 5.6 வரை இருக்க வேண்டும். (அந்த பி.ஹெச். அளவுகோலே 1909-இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் சோரன்சென் உருவாக்கியதுதான்.) அளவு ஏறினால் மால்ட் உமியிலிருந்து துவர்ப்பு இறங்கும். வறுத்த மால்ட்டுக்கு இயல்பிலேயே அமிலத்தன்மை உண்டு. அதனால்தான் பைகார்பனேட் மிகுந்த டப்ளின் தண்ணீரில் வறுத்த மால்ட்டில் செய்யும் கறுப்பு ஸ்டவுட் பீர் எடுபட்டது. உப்பு மிகக் குறைந்த, செக் நாட்டுப் பில்சன் ஊர்த் தண்ணீரில் வெளிர் லாகர் பீர் எடுபட்டது.

இங்கே போட்டி அமிலத்துக்கும் ஆர்.ஓ.வுக்கும். லாக்டிக் அமிலம் சில மில்லி போதும், மலிவு. ஆனால் கூடினால் புளிப்பு நாக்கில் தங்கும். ஆர்.ஓ. நல்லது கெட்டது எல்லாவற்றையும் சேர்த்துத் துடைத்துவிடும், தண்ணீரும் நிறைய வீணாகும். அப்புறம் நாமே உப்புப் போட வேண்டும்: 10 லிட்டரில் 1 கிராம் ஜிப்சம் (கால்சியம் சல்ஃபேட்) போட்டால் லிட்டருக்குக் கால்சியம் 23 மில்லிகிராம், சல்ஃபேட் 56 மில்லிகிராம் ஏறும். கால்சியம் 50-ஐத் தொட்டால் ஈஸ்ட் ஒழுங்காகப் படியும். ஹாப்ஸின் கசப்பு எடுப்பாகத் தெரிய ஜிப்சம், மால்ட் சுவை நிறைவாக இருக்கக் கால்சியம் குளோரைடு.

காரத்தன்மை (கால்சியம் கார்பனேட் கணக்கில்) லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குள் என்றால் மாத்திரையும் சில சொட்டு அமிலமும் போதும். 200-ஐத் தாண்டியும் வெளிர் பீர்தான் வேண்டும் என்றால் பாதிக்குப் பாதி ஆர்.ஓ. கலப்பேன். இந்த எண்ணை, கரைந்த உப்பு மொத்தத்தையும் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் சொல்லாது, மீன் தொட்டிக்கு விற்கும், காரத்தன்மையை அளக்கும் கே.ஹெச். சோதனைத் திரவம் சொல்லும். அதில் ஒரு டிகிரி என்பது லிட்டருக்குச் சுமார் 18 மில்லிகிராம்.

மால்ட் எக்ஸ்ட்ராக்டில் (மாஷ் செய்து சுண்டவைத்த, கடையில் கிடைக்கும் மால்ட் சாறு) காய்ச்சுபவர்களுக்கு இந்தத் தலைவலி பெரிதாக இல்லை. தேவையான உப்பு எக்ஸ்ட்ராக்டிலேயே இருக்கிறது, கால் மாத்திரையோடு வேலை முடிந்தது. வாட்டர் சாஃப்ட்னர் தண்ணீரை மட்டும் யாரும் எடுக்க வேண்டாம்: கால்சியத்தைப் பிடுங்கிச் சோடியத்தைக் கொடுக்கும், பைகார்பனேட்டை அப்படியே விட்டுவிடும்.