2 மெகாஹெர்ட்ஸ் கணினிக்கு இத்தனை சூடா? லேப்டாப்பில் மூன்று வருட எமுலேட்டர் அனுபவம்

நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் பள்ளிக்கு இரண்டு பிபிசி மைக்ரோ கணினிகள் வந்தன. 1984இல் மத்திய அரசு தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தில் இந்தியா முழுக்கப் பள்ளிகளுக்குக் கொடுத்தவை அவை. கறுப்பு விசைகள், மேல்வரிசையில் சிவப்பு ஃபங்ஷன் விசைகள். வாரத்துக்கு ஒரு பீரியட், அதிலும் நாலு பேருக்கு ஒரு இயந்திரம். ஆசை தீர உட்கார்ந்து பார்க்கக் கிடைக்காத அந்தக் கணினிக்காகத்தான் எமுலேட்டர் பக்கம், அதாவது பழைய கணினியை இன்றைய கணினிக்குள் அப்படியே நடித்துக்காட்டும் மென்பொருள் பக்கம், வந்தேன். இப்போது மூன்று வருடமாக அநேகமாக தினமும் ராத்திரி ஒரு மணி நேரமாவது அதில் போகிறது.

பிபிசி மைக்ரோவுக்கு பீப்எம், கொமடோர் 64க்கு வைஸ், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தின் பழைய விளையாட்டுகளுக்கு டாஸ்பாக்ஸ், அமிகா என்ற பழைய வீட்டுக் கணினிக்கு வின்யுஏஇ. இந்த நான்கையும்தான் ஓட்டுகிறேன். லேப்டாப் நான்கு கோர் (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி), எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசை) உள்ள சாதாரண 14 அங்குல மாடல். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது.

முதல் மாதம் ரொம்ப மோசம். பத்து நிமிடத்தில் விசிறி இரைய ஆரம்பிக்கும், மடியில் வைத்துக்கொள்ள முடியாது, முழு சார்ஜ் இரண்டு மணி நேரத்தைத் தாண்டாது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் பிராசஸர் 13 சதவீதம் என்று காட்டும். இவ்வளவு குறைவாக இருக்கும்போது எமுலேட்டர் காரணமாக இருக்க முடியாது என்று நினைத்து, லேப்டாப்பைப் பழுது பார்க்கும் கடையில் கொடுத்தேன். தூசி தட்டி, தெர்மல் பேஸ்ட் மாற்றிக் கொடுத்தார்கள். கொஞ்சம் குறைந்தது, ஆனால் இரைச்சல் போகவில்லை. பேட்டரியையும் மாற்றச் சொன்னார்கள். நல்லவேளையாக அதை மாற்றாமல் விட்டேன்.

விஷயம் அந்த 13 சதவீதத்தில்தான் இருந்தது. எட்டு த்ரெட்டில் ஒன்று மட்டும் முழுமூச்சில் ஓடினால் மொத்தக் கணக்கில் 12.5 சதவீதம்தான் வரும். பார்க்கச் சின்ன எண், ஆனால் ஒரு கோர் மூச்சுவிட நேரமில்லாமல் ஓடுகிறது என்று அர்த்தம். மற்ற கோர்கள் சும்மா இருப்பதால் டர்போ என்ற தானியங்கி வேகமேற்றம் அந்த ஒற்றைக் கோரை உச்ச வேகத்துக்குத் தள்ளும். உச்ச வேகத்துக்கு அதிக மின்னழுத்தம் வேண்டும், மின்னழுத்தம் ஏறினால் அதன் இருமடிக்கு ஏற்ப மின்செலவு ஏறும். விரல் நுனி அளவு சிலிக்கனில் அத்தனை சூடும் குவிகிறது.

சரி, 2 மெகாஹெர்ட்ஸில் ஓடிய பிபிசி மைக்ரோவுக்கு எதற்கு இவ்வளவு? இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல மாதம் ஆனது. இன்றைய லேப்டாப்பின் பேட்டரி ஆயுளே தூக்கத்தில்தான் இருக்கிறது. நாம் ஒரு எழுத்தை அடித்து அடுத்த எழுத்தை அடிப்பதற்குள் பிராசஸர் பலமுறை தூங்கி எழுந்துவிடும். பழைய இயந்திரங்களுக்குத் தூக்கமே தெரியாது. பிபிசி மைக்ரோவில் இருந்த 6502 சில்லில் 'நில்' என்ற கட்டளையே இல்லை. கர்சர் சும்மா மினுக்கிக்கொண்டிருக்கும்போதும் விசை அழுத்தப்பட்டதா, அழுத்தப்பட்டதா என்று கேட்டுக்கொண்டே சுற்றும். எலைட் விளையாடினாலும் வெறும் கர்சரைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் அந்தச் சில்லுக்கு ஒரே வேலைதான். டாஸ் இயந்திரத்தின் பிராசஸரில் நிறுத்தும் கட்டளை உண்டு. ஆனாலும் பெரும்பாலான டாஸ் நிரல்கள் அதைப் பயன்படுத்தாமல் விசைக்காகச் சுற்றிக்கொண்டேதான் காத்திருந்தன. எமுலேட்டர் இந்தச் சுற்றலையும் ஒன்றுவிடாமல் செய்துகாட்ட வேண்டும். ஆகவே எவ்வளவு வேகத்தில் சுற்ற வேண்டும் என்று நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும்.

இதை எனக்கு நன்றாகக் காட்டிக்கொடுத்தது டாஸ்பாக்ஸ். அதில் எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்று சொல்லும் 'சைக்கிள்ஸ்' என்ற அமைப்பு இயல்பாக 'ஆட்டோ'வில் இருக்கும். ரியல் மோட் என்ற பழைய எளிய முறையில் ஓடும் நிரல் என்றால் 3000 சைக்கிளில் ஓட்டும். புரொடெக்டட் மோட் என்ற பிந்தைய முறைக்குப் போகும் விளையாட்டு என்றால் தானாக 'மேக்ஸ்' ஆகி, கோர் எவ்வளவு தருமோ அவ்வளவையும் எடுத்துக்கொள்ளும். 1993இல் வந்த டூம் இந்த இரண்டாவது வகை. ஆனால் டூம் வினாடிக்கு 35 படத்துக்கு மேல் வரையவே வரையாது. நாம் கொட்டிக்கொடுக்கும் மிச்ச வேகமெல்லாம் அடுத்த படத்துக்கான நேரம் வரும்வரை சுற்றிச் சுற்றிக் காத்திருப்பதில் கரைகிறது. சைக்கிளை ஓர் எண்ணில் நிறுத்தி, கண்ட்ரோலும் எஃப்12உம் சேர்த்து அழுத்திக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். விளையாட்டு வழுக்கிக்கொண்டு ஓடத் தொடங்கிய இடத்தில் விட்டுவிட்டேன். கண்ட்ரோலும் எஃப்11உம் இறக்குவதற்கு. ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனிக் கோப்பில் அந்த எண்ணை எழுதி வைத்திருக்கிறேன். இந்த ஒரு மாற்றத்திலேயே விசிறி அடங்கியது. அப்புறம் 'பிரையாரிட்டி' வரியில் இரண்டாவது சொல்லாக 'பாஸ்' (pause, இடைநிறுத்து) என்று போட்டேன். வேறு சாளரத்துக்குப் போனால் டாஸ்பாக்ஸ் அப்படியே நின்றுவிடுகிறது. அதற்குமுன் எத்தனை ராத்திரி அதைப் பின்னால் ஓடவிட்டுவிட்டு மின்னஞ்சல் படித்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. பீப்எம்மிலும் இதுபோல உறைய வைக்கும் வசதி உண்டு. வைஸில் நான் ஆல்ட்டும் பியும் அழுத்தி நிறுத்திவிட்டு எழுந்து போகிறேன்.

வைஸ் எனக்கு மிகவும் பிடித்த மென்பொருள், அதனாலேயே அதில் நிறைய விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. கொமடோர் 64க்கு அதில் இரண்டு வடிவம் இருந்தது. எக்ஸ்64 வேகமானது, எக்ஸ்64எஸ்சி சில்லின் ஒவ்வொரு சைக்கிளையும் (கடிகாரத் துடிப்பையும்) துல்லியமாகப் பின்பற்றுவது. பேட்டரியில் இருக்கும்போது முன்னதை வைத்துப் பார்த்தேன். கணினியின் திறமையைக் காட்ட எழுதிய சில டெமோக்களில் திரை கலைந்தது, திரும்பிவிட்டேன். கொமடோரின் 1541 டிஸ்க் டிரைவுக்குள்ளேயே ஒரு தனி 6502 உண்டு, ஆகவே டிரைவை முழுதாக எமுலேட் செய்தால் இரண்டு கணினி ஓடுவதற்குச் சமம். அதை அணைத்தால் சுமை குறைகிறது உண்மைதான். ஆனால் டிஸ்கிலிருந்து ஏற்றச் சொந்த நிரல் (லோடர்) வைத்திருக்கும் விளையாட்டுகள் பாதியில் நின்றுவிடுகின்றன. என் பரிந்துரை, அதைத் தொடாதீர்கள். அதற்குப் பதிலாக ஒலியில் கைவையுங்கள். கொமடோரின் ஒலிச் சில்லான சிட்டின் ஒலியை உருவாக்கும் ரீசிட் என்ற பகுதியில் 'ரீசாம்ப்ளிங்' முறைதான் அதிகச் சுமை. அதை 'ஃபாஸ்ட்' ஆக்கினேன், லேப்டாப் ஸ்பீக்கரில் என் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை. நல்ல ஹெட்போனில் தெரிகிறது, அப்போது மாற்றிக்கொள்வேன்.

அடுத்தது திரை. பழைய டிவி போலக் கோடுகளும் மினுக்கமும் காட்டும் சிஆர்டி ஷேடர்கள் என்ற கிராபிக்ஸ் நிரல்கள் அழகானவை, மறுக்கவில்லை. ஆனால் பிபிசியின் 320க்கு 256 திரையில் 81,920 புள்ளிகள்தான். முழுத்திரையில் ஷேடர் போட்டால் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளுக்கு, ஒவ்வொரு படத்துக்கும் கணக்குப் போட வேண்டும். பிராசஸரும் கிராபிக்ஸும் ஒரே சில்லில் இருக்கும் என் லேப்டாப்பில் ஒன்றின் சூடு இன்னொன்றுக்கும் சூடு. சாதாரண ஸ்கேன்லைன் (கிடைக்கோடுகள்) போதும் என்று வைத்துக்கொண்டேன். உங்கள் திரை 144 ஹெர்ட்ஸ் என்றால் 60க்கு இறக்கிவிடுங்கள், இந்தக் கணினிகள் எதற்கும் அது தேவையில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக டர்போவை அணைப்பது. விண்டோஸ் பவர் பிளானில் பிராசஸரின் உச்ச அளவை 99 சதவீதமாக்கினால் என் லேப்டாப்பில் டர்போ நின்றுவிடுகிறது. சில மாடல்களில் இந்த அமைப்பு கண்ணில் படாது. லினக்ஸில் இன்டெல் பிராசஸர் என்றால் 'நோ டர்போ' மதிப்பை 1 ஆக்கலாம். மற்ற மாற்றங்களைச் செய்யாமல் இதை மட்டும் செய்தால் சூடு குறையும், ஆனால் விளையாட்டு திக்கும். நான் முதலில் அந்தத் தப்பைத்தான் செய்தேன்.

இப்போது சித்திரை மாத ராத்திரியில், ஏசி இல்லாத அறையில், பிபிசி பேசிக்கில் நிரல் எழுதிக்கொண்டிருந்தால் விசிறிச் சத்தம் காதில் விழுவதில்லை. அதே பழைய பேட்டரி நாலு மணி நேரத்துக்கு மேல் தாங்குகிறது. கரண்ட் போன மாலையிலும் பாதியில் மூட வேண்டியிருக்கவில்லை.

அமிகாதான் இன்னும் அடங்கவில்லை. வின்யுஏஇயில் 'முடிந்தவரை வேகம்' என்பதை எடுத்துவிட்டு, ஏ500 என்ற அமிகா மாடலின் அசல் வேகத்தில் வைத்துவிட்டேன். ஆனாலும் படம், ஒலி ஆகியவற்றுக்கென அமிகாவில் இருந்த தனிச் சில்லுகளைச் சைக்கிள் பிசகாமல் பின்பற்றும்போது கை வைக்குமிடம் சுடுகிறது. அதை மட்டும் மேஜைமேல் வைத்து, பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி, சார்ஜரைச் செருகித்தான் ஓட்டுகிறேன்.