வேலைக்கு ஜி-ஷாக், விசேஷத்துக்கு ஜனதா: இரண்டு வாட்சுகளோடு சில வருஷங்கள்

கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப் செய்யும் கம்பெனியில், டெஸ்டிங் பிரிவில் எனக்கு வேலை. தினமும் கட்டுவது கேசியோ ஜி-ஷாக் டிடபிள்யூ-5600இ. கல்யாணம், காதுகுத்து என்றால் பீரோவிலிருந்து எடுப்பது கீ கொடுக்கிற எச்எம்டி ஜனதா. இரண்டோடும் பல வருஷம் பழகியதில் எனக்குப் பட்டது இது: வேலைக்கான வாட்சை, கையில் இருக்கும்போது அதன்மேல் என்னென்ன படும் என்று பார்த்து வாங்க வேண்டும். விசேஷத்துக்கான வாட்சை, கையில் இல்லாத நாட்களில் அது எப்படி இருக்கும் என்று பார்த்து வாங்க வேண்டும். வருஷத்தில் முக்கால்வாசி நாள் அது பீரோவில்தான் கிடக்கப்போகிறது. ஆனால் கடையில் யாரும் இதைக் கேட்பதே இல்லை.

முதலில் வேலை வாட்ச். எங்கள் இடத்தில் பெரிய தொல்லை காந்தம். மெக்கானிக்கல் வாட்சின் ஓட்டத்தை ஒழுங்குபடுத்தும் மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங்கில் காந்தம் ஏறினால் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், வாட்ச் கண்டபடி வேகமாக ஓடும். காந்தம் இறக்கும் கருவி வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் போனால்தான் சரியாகும். செல்லில் ஓடும், முள் வைத்த குவார்ட்ஸ் வாட்சுக்குள்ளும் ஒரு குட்டி மோட்டார் இருக்கிறது. பலமான காந்தத்துக்குப் பக்கத்தில் அது நின்றுவிடும். தள்ளி எடுத்தால் மறுபடி ஓடும், ஆனால் நேரம் பின்தங்கியிருக்கும். டிஜிட்டலில் முள்ளும் கிடையாது, அதை ஓட்டும் மோட்டாரும் கிடையாது. நான் டிஜிட்டலுக்குப் போனதற்கு முதல் காரணம் இதுதான்.

அடுத்தது மின்சாரம். ஸ்டீல் செயின் போட்ட கையை டெர்மினல் பெட்டிக்குள் விடுவது ஆபத்து. இரண்டு டெர்மினலுக்கு நடுவே செயின் பட்டால் கை வெந்துவிடும். அதனால் ரெசின் ஸ்ட்ராப். அதற்காகச் சுற்றுகிற ஷாஃப்டுக்குப் பக்கத்தில் சலுகை எதுவும் இல்லை. கப்ளிங், லேத் பக்கம் போகும்போது எந்த வாட்சாக இருந்தாலும் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுவிட வேண்டும்.

இந்த வாட்சில் நான் அதிகம் பயன்படுத்துவது கவுண்ட்டவுன் டைமர். பெரிய மோட்டார்களின் வைண்டிங்கை (கம்பிச் சுருளை) மெகர் என்ற இன்சுலேஷன் அளக்கும் கருவி வைத்துப் பார்க்கும்போது ஒன்றாவது நிமிஷத்தில் ஒரு ரீடிங், பத்தாவது நிமிஷத்தில் ஒரு ரீடிங் எடுப்போம். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வருவது போலரைசேஷன் இண்டெக்ஸ். அது 2-க்குக் கீழே வந்தால் ஈரமோ அழுக்கோ இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். பத்து நிமிஷமும் முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. டைமரை வைத்துவிட்டு அடுத்த மோட்டாரின் நேம் பிளேட்டை எழுதிக்கொண்டிருப்பேன், நேரமானதும் கூப்பிடும். தொட்டி நிறையும் நேரத்தை வைத்துத் தண்ணீர் அளவு பார்க்கும்போது ஸ்டாப்வாட்ச் கைகொடுக்கும்.

கண்ணாடியில் இதுவரை பெரிய கீறல் இல்லை. சுற்றியுள்ள சட்டம் கண்ணாடியைவிடக் கொஞ்சம் உயர்ந்து நிற்பதால் இடிபடுவதெல்லாம் சட்டம்தான். 1983-இல் கிகுவோ இபே வடிவமைத்த முதல் ஜி-ஷாக்கிலிருந்தே இந்தச் சதுர வடிவம் தொடர்ந்து வருகிறது, அதை மாற்ற வேண்டிய அவசியமும் எனக்குத் தெரியவில்லை. எடை 53 கிராம்தான். தடிமன் 13.4 மில்லிமீட்டர், எனவே முழுக்கைச் சட்டையின் பட்டன் இதன்மேல் ஏறாது. சட்டத்துக்கும் வாட்சின் உடம்புக்கும் நடுவில் உள்ள சந்தில் வியர்வையும் கிரீஸும் சேரும். வாரம் ஒருமுறை பழைய டூத் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போதும்.

செல் மாற்றும்போதுதான் கவனம் வேண்டும். ஒரு கடையில் ரப்பர் வளையம் நசுங்கியபடியே பின்மூடியைத் திருகிக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த மழையில் கண்ணாடிக்குள் ஆவி படிந்தது. தண்ணீர் தாங்கும் அளவாகப் பின்னால் 200 மீட்டர் என்று அடித்திருப்பது அந்த வளையம் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும் வரைக்கும்தான். பின்மூடியில் நான்கு திருகுகள். நம் கண்ணெதிரே கழற்றச் சொல்லி, வளையத்தில் சிலிகான் கிரீஸ் தடவி மூடச் சொல்வது நல்லது.

சோலார், ரேடியோ இரண்டும் உள்ள ஜிடபிள்யூ-எம்5610 எடுக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். சோலார் நல்லதுதான். ஆனால் நேரத்தைத் தானே திருத்திக்கொள்ள அது எதிர்பார்க்கும் சிக்னல் ஜப்பான், சீனா, அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி நிலையங்களிலிருந்து வருவது. நம்ம ஊரில் அதை நம்பிக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். பட்ஜெட் குறைவு என்றால் 1989-இலிருந்து வரும் எஃப்-91டபிள்யூ தாராளமாகப் போதும். 21 கிராம், செல் 7 வருஷம் வரும் என்கிறார்கள். இருட்டில் அதன் விளக்கு மட்டும் மங்கல். போலி நிறைய உலவுகிறது. வலப்பக்கப் பட்டனை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் கேசியோ என்று திரையில் எழுத்து வருகிறதா என்று பாருங்கள்.

சரி, விசேஷ வாட்சுக்கு வருவோம். மெலிதாக இருக்க வேண்டும் என்றால் டைட்டன் எட்ஜ் அருமையான வாட்ச். 2002-இல் ஓசூர்க்காரர்கள் 3.5 மில்லிமீட்டர் தடிமனில் முழு வாட்சையும், 1.15 மில்லிமீட்டரில் உள்ளிருக்கும் இயந்திரத்தையும் செய்துகாட்டினார்கள். அதைக் கட்டிப் பார்த்த எவருக்கும் ஒரு மரியாதை வரும். ஆனால் குவார்ட்ஸ் எதுவானாலும், செல் தீர்ந்ததைக் கவனிக்காமல் பீரோவில் விட்டால் செல் கசிந்து உள்ளே அரித்துவிடும். அடிக்கடி கட்டுகிறவர்களுக்குத்தான் அது தோது. சோலார் வாட்சை இருட்டில் மாதக்கணக்கில் வைத்தால் சார்ஜ் இறங்கும். கை அசைவிலேயே கீ ஏறும் ஆட்டோமேட்டிக்கோ, கழற்றி வைத்தால் இரண்டு நாளில் நின்றுவிடும். சீக்கோ 5 என்ற ஆட்டோமேட்டிக்கில், 7எஸ்26 இயந்திரம் வைத்த பழைய வகைக்குக் கையால் கீ கொடுக்கவும் வழியில்லை. முகூர்த்தத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் அதை ஆட்டி ஓடவைத்து, கிழமையும் தேதியும் திருத்திக்கொண்டிருக்க வேண்டும்.

ஜனதாவுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. செல் கிடையாது, தேதியும் கிடையாது. எத்தனை மாதம் சும்மா கிடந்தாலும் எடுத்துக் கீ கொடுத்தால் ஓடும். இருபத்தைந்து, முப்பது சுற்றில் விரலுக்கு ஒரு இறுக்கம் தெரியும். அங்கே நிறுத்திவிட வேண்டும். கையில் கட்டிக்கொண்டே கீ கொடுத்தால் தண்டு ஒரு பக்கமாக இழுபடும், அதனால் கழற்றி வைத்துத்தான் கொடுப்பேன். நாளைக்கு ஒரு நிமிஷம் போல முந்தும். ஒரு கல்யாணத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. வெள்ளைச் சட்டைக் கைக்குள் அது அடங்கி உட்காரும் அழகே தனி.

இதற்குத் தண்ணீர் ஆகாது. பந்தியில் கை கழுவும்போது கையைச் சாய்த்தே பிடிக்க வேண்டும். லெதர் ஸ்ட்ராப் நம் வியர்வைக்குச் சீக்கிரம் நாறிப்போகும், விறைத்தும் போகும். வீட்டுக்கு வந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, ஓர் இரவு மின்விசிறிக் காற்றில் போட்டுவிட்டு அப்புறம்தான் பீரோவில் வைக்கிறேன்.

எச்எம்டி 1961-இல் சிட்டிசன் உதவியோடு பெங்களூரில் வாட்ச் செய்ய ஆரம்பித்தது. அந்த வாட்ச் கம்பெனியை மூட 2016-இல் மத்திய அரசு முடிவெடுத்தது. எனவே இன்று ஜனதா தேடினால் பெரும்பாலும் பழையதுதான் கிடைக்கும். இணையத்தில் குறைந்த விலைக்குப் பளபளவென்று வருபவற்றில் பல, டயலை மறுபடி பெயின்ட் அடித்தவை. எழுத்தின் ஓரம் கசிந்திருக்கிறதா, நிமிஷக் கோடுகள் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். பின்மூடியைத் திறந்து இயந்திரத்தின் படத்தையும் கேளுங்கள். அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள். கைக்கு வந்ததும் ஆயில் சர்வீஸ் ஒன்று தேவைப்படும். அதனால் கீ வாட்சைப் பிரித்துச் சுத்தம் செய்யத் தெரிந்த மெக்கானிக் உங்கள் ஊரில் இருக்கிறாரா என்பதை வாங்குவதற்கு முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.