ஒயின் கூலர் வாங்கப் போகிறீர்களா? முகப்பில் ஒளிரும் எண்ணை நம்பாதீர்கள்

வீட்டில் ஒயின் பாட்டில்களைச் சேர்த்து வைக்க "மினி செல்லார்" (ஒயின் வைக்கும் சின்ன நிலவறை) என்று சொல்லி, கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பெட்டியை விற்கிறார்கள். நானும் ஒன்று வாங்கினேன். ஒரே கோடையில் உள்ளே இருந்த பாட்டில்களில் பாதிக்கு மேல் கெட்டுப்போய்விட்டது. கடை பெயரை எழுதவில்லை. இதே பசப்புப் பேச்சை வேறு இடங்களிலும் கேட்டுவிட்டதால், அந்தப் பேச்சைத்தான் நீங்கள் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும்.

வாங்கும்போது நான் தெளிவாகவே கேட்டேன். வெயில் காலத்தில் அறை 35 டிகிரி வரை போகும், ஏசி எந்நேரமும் ஓடாது, அப்போதும் இந்தப் பெட்டி 12 டிகிரியில் நிற்குமா என்று. "கண்டிப்பா நிற்கும் சார், சத்தமே வராது, அதிர்வே கிடையாது, ஒயினுக்குன்னே செஞ்சது" என்றார் விற்பனையாளர். சத்தம் வராது என்றது மட்டும் நிஜம். ஏன் வராது என்றால் உள்ளே கம்ப்ரெஸரே இல்லை!

இது தெர்மோஎலெக்ட்ரிக் வகை. ஒரு சின்னத் தகட்டில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சூடாகும். 1834-இல் பெல்டியர் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த விளைவு, அதில் தப்பே இல்லை. ஆனால் இந்த வகைப் பெட்டிகள் பொதுவாக அறையின் வெப்பத்தைவிடப் பத்துப் பதினைந்து டிகிரிதான் குறைக்கும். அறை 22 டிகிரியில் இருந்தால் அருமையாக வேலை செய்யும். அறை 35 என்றால் உள்ளே 20-க்கு மேல்தான், அதற்குக் கீழே இறக்க அதனிடம் சக்தி கிடையாது. முகப்பில் மட்டும் 12 என்று நீலமாக ஒளிர்ந்துகொண்டிருக்கும், ஏனென்றால் அது நாம் வைத்த அளவு, உள்ளே உண்மையில் இருக்கும் அளவு இல்லை.

எனக்குச் சந்தேகம் வந்தது பாட்டில்களைப் பார்த்துத்தான். சிலவற்றில் கார்க் கழுத்து விளிம்பைத் தாண்டி லேசாக மேலே எழும்பி, மூடியிருந்த உறையைத் தள்ளிக்கொண்டு நின்றது, அடியில் பிசுபிசுப்பாக ஒயின் கசிந்த தடம் வேறு. சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளும், இரவில் குளிரும்போது சுருங்கி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், தினமும் இப்படி நடந்தால் எந்த ஒயின் தாங்கும்? திறந்து பார்த்தால் சிவப்பு ஒயினில் பழத்தை வேகவைத்த வாசனை, வெள்ளை ஒயின் அடர் மஞ்சளாகி, வெட்டி வைத்துக் கறுத்த ஆப்பிள் மாதிரி மணந்தது.

ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு உள்ளே வைத்துவிட்டு மறுநாள் பார்த்தேன். 23 டிகிரி. (காற்றில் அளக்காதீர்கள், கதவைத் திறந்தாலே மாறிவிடும். பாட்டிலுக்குள் இருக்கும் ஒயினின் நிலையைத் தண்ணீர்தான் ஓரளவு சரியாகக் காட்டும்.)

இதற்கு அப்புறம்தான் உண்மையான கூத்து. வந்த டெக்னீஷியன் முகப்பைப் பார்த்து "12 காட்டுதே, நல்லாத்தான் இருக்கு" என்று கிளம்பப் பார்த்தார். தெர்மாமீட்டரைக் காட்டினால் அது கோளாறு என்றார். மேலிடத்தில் பேசியபோது, அறை 25 டிகிரிக்குள் இருக்க வேண்டும், மேனுவலில் போட்டிருக்கிறதே என்று பதில். அந்த மேனுவல் சீல் வைத்த அட்டைப்பெட்டிக்குள் இருக்கிறது, பணம் கட்டிய பிறகுதான் கைக்கு வருகிறது. கடைசியாக, கார்க் தரமில்லை, ஒயின் தயாரித்தவர்களைக் கேளுங்கள் என்று கையை விரித்தார்கள். கார்க்கால் கெட்ட ஒயினில் நனைந்த அட்டை வாசனை வரும், அது வேறு சங்கதி. வெவ்வேறு ஆட்கள் தயாரித்த ஒயின்களில் எல்லாம் ஒரே கோடையில் ஒரே மாதிரி கார்க் எழும்புமா என்று கேட்டேன், பதில் இல்லை.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், கம்ப்ரெஸர் உள்ளதா என்பதை முதலில் கேளுங்கள். சூடான வீட்டுக்கு அது இல்லாத பெட்டி தண்டம். அப்புறம் பின்புற ஸ்டிக்கரில் தட்பவெப்ப வகுப்பைப் பாருங்கள்: "என்" (N) என்றால் அறை 32 டிகிரி வரை, "எஸ்டி" (ST) என்றால் 38 வரை, "டி" (T) என்றால் 43 வரை. வாய்வார்த்தை வேண்டாம், பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் டம்ளர் சோதனையைச் செய்துவிட்டு, அதற்குப் பிறகு பாட்டில்களை உள்ளே வையுங்கள். கார்க் போட்டவற்றைப் படுக்க வையுங்கள், நிற்க வைத்தால் நாளடைவில் கார்க் காய்ந்துவிடும். திருகுமூடிக்கு எப்படி வைத்தாலும் ஒன்றுதான். கண்ணாடிக் கதவு ஜன்னலைப் பார்க்க வேண்டாம், நிறமில்லாத பாட்டிலுக்கு வெளிச்சம் பெரிய எதிரி.

பெட்டியே வேண்டாம் என்றால் வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியின் கீழ்த்தட்டு போதும். என்னைக் கேட்டால், தினம் ஏறி இறங்கும் குளிர்ச்சியைவிட ஒரே சீரான 18 டிகிரி எவ்வளவோ மேல். சீக்கிரம் குடிக்கப் போகும் பாட்டில் சாதாரண ஃப்ரிட்ஜிலேயே இருக்கட்டும், அங்கே காற்று வறண்டது என்பதால் வருடக்கணக்கில் மட்டும் வைக்காதீர்கள். சமையலறை மேல்தட்டும் ஃப்ரிட்ஜின் தலையும் கூடவே கூடாது.

என் விஷயத்தில், அதே மாடலில் புதுசு தருகிறோம் என்கிறார்கள். புதுசும் அதே 23-தான் காட்டும், பணத்தைக் கொடுங்கள் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். உங்களுக்கும் இப்படி நடந்தால் தெர்மாமீட்டரும் முகப்பு எண்ணும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி எடுத்து வையுங்கள், கார்க் எழும்பிய பாட்டில்களைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.