கீரியா, செவலையா: எந்தச் சேவலை நிறுத்துவது?

எங்கள் கொல்லையில் 9 பெட்டைகள், எல்லாம் சிறுவிடை என்கிற சின்ன ரக நாட்டுக்கோழி. 8 முதல் 10 பெட்டைக்கு ஒரு சேவல் என்பது கணக்கு. போன புரட்டாசியில் என்னிடம் மூன்று சேவல்கள் நின்றன. இரண்டை வைத்துக்கொள்ளலாமா என்றும் பார்த்தேன். இந்தச் சின்ன இடத்தில் இரண்டும் கொண்டை கிழியச் சண்டை போடும், பெட்டைகளுக்கு ஓயாத துரத்தல். ஆகவே ஒன்றுதான்.

கறுப்பை முதலில் கழித்தேன். பார்க்க மினுமினுப்பாக இருப்பான். ஆனால் நம் வீட்டிலேயே பொரித்தவன். தாயும் கூடப் பிறந்ததுகளும் இதே கூட்டத்தில் இருக்கும்போது அவனை இனத்துக்கு விட்டால் நாளாக நாளாகக் குஞ்சு சோடையாகிவிடும். நேர்த்திக்கடனுக்குக் கறுப்புச் சேவல் தேடியவர் நல்ல விலை கொடுத்து வாங்கிப் போனார்.

மிச்சம் இரண்டு. சந்தையில் வாங்கிய, பெருவிடை என்கிற பெரிய ரகம் கலந்த கீரி நிறச் சேவல், மூன்றரைக் கிலோ. பெரியம்மா வீட்டு முட்டையை நம் பெட்டையில் அடை வைத்துப் பொரித்த சிறுவிடைச் செவலை, அதாவது செந்நிறச் சேவல், ஒன்றேமுக்கால் கிலோ. நான் செவலையை நிறுத்தினேன்.

கீரிக்கு உள்ள பலத்தை மறைக்க மாட்டேன். அவன் குஞ்சுகள் எடை போடுகின்றன. நாட்டுக்கோழியை உயிர் எடைக்குத்தான் விற்கிறோம், அதனால் ஆண் குஞ்சு ஒவ்வொன்றிலும் அந்த எடை பணமாகத் தெரியும். கறிக்கென்றே வளர்ப்பவர், பெட்டைகளும் பெருவிடையாக இருந்தால், கீரி மாதிரியைத்தான் வைக்க வேண்டும். இரண்டு சேவலும் ஆள்மேல் பாய்கிறவை அல்ல. பாய்ந்திருந்தால் யோசிக்கவே வேண்டியிருக்காது.

என்னை முடிவெடுக்க வைத்தது பெட்டைகளின் முதுகு. நம் பெட்டை ஒன்று ஒன்றேகால் கிலோகூடத் தேறாது. மூன்றரைக் கிலோ ஏறி மிதிக்கும்போது நகம் பிடிமானத்துக்கு விலாவைப் பற்றுகிறது. ஒருநாள் சாயங்காலம் பஞ்சாரத்தில் அடைக்கும்போது ஒரு பெட்டையின் ரெக்கை தொங்கினாற்போல் இருந்தது. தூக்கிப் பார்த்தால், ரெக்கைக்கு அடியில் இரண்டு விரல் நீளத்துக்குத் தோல் கிழிந்து, இறகெல்லாம் ரத்தத்தில் ஒட்டிக்கிடந்தது, ஈ மொய்க்க ஆரம்பித்திருந்தது. வெளியிலிருந்து ஒன்றுமே தெரியவில்லை. கழுவிவிட்டு மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போட்டேன். ஆறிவிட்டது. ஆனால் அது விறகு அடுக்குக்குள்ளேயே பதுங்கிக்கொண்டது, தீனிக்கு வரவில்லை, முட்டையையும் நிறுத்திவிட்டது. மற்ற பெட்டைகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். நான்குக்கு முதுகில் இறகு ஒடிந்து வெறும் தண்டுதான் நின்றது. ஒடிந்த இறகு அடுத்த இறகு உதிர்ப்பு வரை முளைக்காது, அதுவரை அந்த இடத்தில் தோலுக்குக் காப்பு இல்லை. ராத்திரியில் கீரியைப் பிடித்து அதன் கால் முள்ளின் நுனியை அரத்தால் மழுக்கியும் பார்த்தேன். பெரிதாக மாற்றமில்லை. முள்ளைவிட எடையும் நகமும்தான் காரணம் என்று எனக்குப் பட்டது.

செவலை வேறு விதம். பானையில் பிடித்த கறையானைக் கொட்டினால் முதலில் ஓடி வருவது அவன்தான், ஆனால் தின்ன மாட்டான். ஒன்றைக் கொத்தித் தூக்கிக் கீழே போட்டுவிட்டு ‘கொக் கொக்’ என்று பெட்டைகளைக் கூப்பிடுவான். அவை வந்து தின்னும், அவன் ரெக்கையைத் தாழ்த்தி ஒரு சுற்று சுற்றுவான். பெட்டை தானாக உட்கார்ந்து கொடுக்கிறது, துரத்தல் இல்லை. வல்லூறு வட்டமிட்டால் அவன் இழுத்துக் குரல் கொடுப்பதும், எல்லாம் செம்பருத்திச் செடிக்கடியில் ஒடுங்குவதும் ஒரே நொடிதான். ஒரு பெட்டையின் குணம் அதன் குஞ்சுகளோடு போயிற்று. சேவலின் குணமோ வீட்டில் பொரிக்கிற எல்லாக் குஞ்சிலும் கலக்கிறது. அதனால்தான் இதற்கு இவ்வளவு கனம் கொடுக்கிறேன்.

முட்டையிலும் வித்தியாசம் தெரிந்தது. கீரி இருந்தபோது சித்திரையில் 12 முட்டை வைத்து 7 பொரித்தது. நான்கு கூமுட்டை, ஒன்று ஓட்டுக்குள்ளேயே இறந்துவிட்டது. செவலைக்குக் கார்த்திகையில் 12 வைத்து 10 பொரித்தது, ஒன்றுதான் கூமுட்டை. ஏழாம் நாள் ராத்திரி போன் டார்ச்சில் பிடித்துப் பார்த்தபோதே சிலந்தி வலை மாதிரி ரத்த நரம்பு ஓடியது தெரிந்தது. சேவல் மாற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பழைய சேவலின் விந்து பெட்டையின் உடம்பில் இரண்டு, மூன்று வாரம் வரைகூடத் தங்கலாம். நான் மூன்று வாரம் விட்டுத்தான் அடைக்கு முட்டை சேர்த்தேன்.

ஆனாலும் இரண்டு தடவை அடை வைத்ததை மட்டும் வைத்து அறுதியிட்டுச் சொல்லிவிட முடியாது. சித்திரை வெயிலில் முட்டை கெடுவது சகஜம். கீரிக்குத் தை மாதம் கிடைத்திருந்தால் எண்ணிக்கை கூடியிருக்கலாம். செவலைக்கு இன்னும் முள்ளே சரியாக வளரவில்லை. வயது ஏறி முள் நீண்ட பிறகும் இதே நிதானம் இருக்குமா என்று பார்த்தால்தான் தெரியும். காயம்பட்ட பெட்டை மட்டும் கீரியை விற்ற மூன்றாம் வாரத்தில் மறுபடி முட்டைக்கு வந்துவிட்டது.

செவலையும் நிரந்தரமில்லை. கார்த்திகைக் குஞ்சுகளில் ஆறு பெட்டை. ஆனி, ஆடியில் அவை முட்டைக்கு வரும். அதற்குள் தகப்பனை மாற்றியாக வேண்டும். பக்கத்து ஊரில் ஒருவரிடம் இதே எடையில் ஒரு சாம்பல் நிறச் சிறுவிடை நிற்கிறது. சேவலுக்குச் சேவல் மாற்றிக்கொள்ளலாம் என்றார். போய்ப் பார்க்கும்போது சேவலோடு நிற்க மாட்டேன், அவருடைய பெட்டைகளின் ரெக்கையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் சரி சொல்வேன்.