தட்டிப் பார்த்துச் சொன்னவர்கள்: எங்கள் ஊர் மரப்பாலமும் ஓர் ஆய்வுச் சேவையும்

ஊத்தங்கரை வட்டத்தில் எங்கள் ஊருக்கும் அக்கரையிலுள்ள மாந்தோப்புகளுக்கும் நடுவே, பாம்பாற்றில் போய்ச் சேரும் ஓர் ஓடை உண்டு. அதன் மேல் 22 அடி நீளமும் 6 அடி அகலமும் கொண்ட மரப்பாலம் ஒன்றை எங்கள் அப்பா காலத்து விவசாயிகள் தாங்களே போட்டார்கள். ஆடு மாடுகளும், பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும், மாங்காய்க் கூடை கட்டிய டிவிஎஸ் எக்ஸெல் வண்டிகளும் அதில்தான் போய்வந்தன. சென்ற ஆண்டு தை மாதத்தில் ஒரு பசுவின் பின்னங்கால் பலகையைத் துளைத்துக்கொண்டு இறங்கியதும், பாலத்தைப் பழுது பார்ப்பதா, எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவதா என்ற பேச்சு ஊரில் கிளம்பியது. அந்தக் கேள்விக்குப் பதில் தேடி, கிருஷ்ணகிரியில் இரண்டு பொறியாளர்கள் நடத்தும் கட்டுமான ஆய்வுச் சேவை ஒன்றை ஊரார் சார்பில் அமர்த்தினோம். எங்களைப் போன்ற நிலையில் இருக்கும் ஊர்களுக்குப் பயன்படலாம் என்பதால் அந்த அனுபவத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அவர்களை அழைப்பதற்கு முன்பு வேறு இரண்டு பேரிடம் கேட்டிருந்தோம். ஊர் ஆசாரி பாலத்தின் மேல் நடந்து பார்த்துவிட்டு, "பலகையை மட்டும் மாத்தினா இன்னும் பத்து வருஷம் ஓடும்ங்க" என்றார். ஒப்பந்ததாரர் ஒருவரோ காரை விட்டு இறங்கி, கரையில் நின்றபடியே, "இதெல்லாம் வேலைக்கு ஆகாதுங்க, இடிச்சிட்டு காங்கிரீட் போட்டுடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். இருவரும் பாலத்துக்கு அடியில் குனிந்து பார்க்கவில்லை. மரவேலை செய்பவருக்கு மரமும், காங்கிரீட் போடுபவருக்கு காங்கிரீட்டும் தீர்வாகத் தெரிவதில் வியப்பில்லை. அவர்களைக் குறை சொல்லவும் இல்லை. ஆனால் எந்தப் பதில் வந்தாலும் லாபமோ நட்டமோ அடையாத ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியது. இந்தச் சேவையினர் ஆய்வு மட்டுமே செய்கிறார்கள், கட்டுமான வேலை எடுப்பதில்லை. 9,500 ரூபாய் கட்டணத்துக்கு நாங்கள் ஒப்புக்கொண்டதற்கு முதல் காரணம் அதுதான்.

ஏப்ரல் மாதத்தில், ஓடை வறண்டு கிடந்த நாளில், காலை 7 மணிக்கே வந்துவிட்டார்கள். இளையவர் சட்டையைக் கழற்றிவிட்டுப் பாலத்துக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, சிறிய சுத்தியலால் உத்தரங்களை முழம் முழமாகத் தட்டிக்கொண்டே போனார். பாலத்தைத் தாங்கியவை மூன்று உத்தரங்கள். இரு ஓரங்களிலும் இருந்தவை பழைய வேங்கை. நடுவிலிருந்தது, பழையது முறிந்தபோது அவசரத்துக்கு மாற்றிப் போட்ட தைல மரம். வைரம் பாய்ந்த வேங்கையில் சுத்தியல் பட்டபோது 'டங்' என்று துள்ளியது. தைல மரத்தின் மேற்பகுதியிலோ 'தொப்' என்ற சத்தம்தான் கேட்டது. அந்த இடத்தில் குத்தூசியை வைத்து அழுத்தினார். விரல் நீளத்துக்கு, வெண்ணெயில் இறங்குவது போல இறங்கிவிட்டது. வெளியே எடுத்தபோது அதன் நுனியில் ஈரமான பழுப்புத் தூள் ஒட்டியிருந்தது. அத்தனை நாளும் அந்தப் பாலத்தில் பேரப்பிள்ளைகளை அனுப்பிவைத்த எனக்கு அந்தத் தூளைப் பார்த்ததும் அடிவயிறு கலங்கியது.

பிறகு மூத்தவர் எங்களை உட்கார வைத்து விளக்கியதுதான் இந்தச் சேவையின் சிறந்த பகுதி. மழைத்தண்ணீர் பலகையின் மேல் வழிந்து ஓடிவிட்டால் மரத்துக்குப் பெரிய கேடில்லை. ஆணிக்கண் வழியாக உள்ளே இறங்கித் தங்கும்போதுதான் உளுத்துப்போகத் தொடங்குகிறது. நெருக்கி அடித்த பலகைகளுக்கு இடையே அரை அங்குலமாவது சந்து விட்டிருந்தால் தண்ணீர் கீழே வடிந்திருக்கும், காற்றும் போய்வந்திருக்கும். மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை பிடிப்பதில்லை என்று சொல்லிவிட்டு, இரண்டு முள் வைத்த ஈரமானியை எங்கள் கண் முன்னாலேயே வைத்துக் காட்டினார். வேங்கை உத்தரத்தின் நடுவில் 12 என்று காட்டிய கருவி, அதே உத்தரம் கரைக் கற்கட்டின் மேல் உட்காரும் முனையில் 28 என்று காட்டியது. ஆண்டுக்கணக்கில் கரை மண் சரிந்து அந்த முனைகளை மூடியிருந்ததே காரணம். மேலே வெயிலில் காய்ந்து உறுதியாகத் தெரிந்த மரம், மண்ணுக்குள் ஈரத்தில் ஊறிக் கிடந்திருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை மண்வெட்டி எடுத்து அந்த மண்ணை ஒதுக்கியிருந்தால் போதுமாம். முப்பது ஆண்டுகளில் எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

ஆசாரி சொன்ன வழி ஏன் சரிவராது என்பதற்கு மூத்தவர் சொன்ன கணக்கு எனக்கு மறக்காது. ஓர் உத்தரத்தின் வளைவு வலு அதன் ஆழத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 8 அங்குல ஆழமுள்ள உத்தரத்தில் மேலே 2 அங்குலம் உளுத்துவிட்டால், போனது கால்பங்கு மரம்தான் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் மிஞ்சும் வலு 56 விழுக்காடுதான். அதிலும் மூன்று உத்தரங்கள் உள்ள பாலத்தில் நடு உத்தரமே மொத்தப் பாரத்தில் பாதிக்குக் குறையாமல் சுமக்கிறது. உளுத்திருந்ததும் அதே நடு உத்தரம்தான். ஆட்களும் கால்நடைகளும் மட்டும் போகும் பாலத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 400 கிலோ என்று பாரத்தைக் கணக்கிடுவது இந்தியச் சாலைக் குழும (ஐ.ஆர்.சி.) விதி. அதன்படி எங்கள் சின்னப் பாலத்தின் மீதே ஏறக்குறைய 5 டன் வருகிறது. அவ்வளவு கூட்டம் எங்கே வரப்போகிறது என்று ஒருவர் கேட்டார். அக்கரையில்தான் எங்கள் ஊர்ச் சுடுகாடு இருக்கிறது என்பதைப் பக்கத்திலிருந்தவர் நினைவூட்டியதும் கேட்டவர் வாய் திறக்கவில்லை.

காங்கிரீட் பலகம் போடும் யோசனையையும் அவர்கள் ஒரேயடியாகத் தள்ளிவிடவில்லை. கற்கட்டின் ஓரத்தில் குழி தோண்டிப் பார்த்தார்கள். ஓடைத் தரைக்குக் கீழே 3 அடிதான் அடித்தளம் இருந்தது. அந்த நீள அகலத்தில் ஓர் அடி கனத்துக்கு காங்கிரீட் போட்டாலே அதன் சொந்த எடை 9 டன்னைத் தாண்டும். மரப்பாலத்தைத் தாங்குவதற்காகக் கட்டிய பழைய சுண்ணாம்புக் கற்கட்டின் மேல் அதை ஏற்றக்கூடாது. ஏற்றுவதானால் கற்கட்டையும் இடித்துப் புதிதாகக் கட்ட வேண்டும், செலவு ஆறு லட்சத்துக்குக் குறையாது என்றார்கள். அவர்கள் பரிந்துரைத்தது மூன்றாவது வழி: கற்கட்டு அப்படியே இருக்கட்டும், மர உத்தரங்களை எடுத்துவிட்டு 250 மில்லிமீட்டர் ஆழமுள்ள 'I' வடிவ இரும்பு உத்தரங்கள் (ஐ-பீம்) இரண்டைப் போட்டு, மேலே சந்து விட்ட புதிய பலகைகளைப் போல்ட் போட்டு முடுக்கலாம். மீட்டருக்கு 37 கிலோ எடையுள்ள அந்த பீம்களைக் கிரேன் இல்லாமலே ஆட்களை வைத்து ஏற்றிவிடலாம். பலகை உளுத்தால் பலகையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மதிப்பீடு 2 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். டாடா ஏஸ் போக வேண்டும் என்று இளைஞர்கள் கேட்டதற்கு, "அப்படின்னா இது வேற வேலைங்க ஐயா, இந்தக் கணக்கோட கலக்காதீங்க" என்று மூத்தவர் நேரடியாகவே சொல்லிவிட்டார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

இனிக் குறைகள். முதலாவது, ஒரு வாரத்தில் தருவதாகச் சொன்ன அறிக்கை 19 நாள் கழித்துத்தான் வந்தது. மே 1 கிராம சபையில் தீர்மானம் போட வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தும், ஏப்ரல் 29 அன்று இரவுதான் அது கைக்கு வந்து சேர்ந்தது. இரண்டாவது, 14 பக்கமும் ஆங்கிலம். ஊராட்சி உறுப்பினர்களில் இருவர்தான் அதைப் படிக்கக்கூடியவர்கள். நேரில் அவ்வளவு அழகாகத் தமிழில் விளக்கத் தெரிந்தவர்கள், முடிவை மட்டுமாவது ஒரு பக்கத்தில் தமிழில் தந்திருக்கலாம். கடைசியில் நானே இரவு உட்கார்ந்து எழுதி, கிராம சபையில் படித்தேன்.

மூன்றாவது குறைதான் பெரியது. அறிக்கையில் மரத்தைப் பற்றி இருந்த அளவுக்குத் தண்ணீரைப் பற்றி இல்லை. வறண்ட ஓடையைப் பார்த்துவிட்டு, பழைய மட்டத்திலேயே புதிய பீம்களை வைக்கச் சொல்லியிருந்தார்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் பெய்து, நிறுத்தியிருந்த வண்டிகளெல்லாம் அடித்துக்கொண்டு போனதை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. அன்று எங்கள் பாலம் தண்ணீருக்குள் இருந்தது. ஓடைக்கரையில் குடியிருக்கும் பாட்டி ஒருவர், "கைப்பிடிக் கட்டை மேல செத்தை மாட்டிக்கிட்டுக் கெடந்துச்சு கண்ணு, நான்தான் குச்சியால தள்ளிவிட்டேன்" என்று சொன்னதை நான் தொலைபேசியில் அவர்களிடம் சொன்னபோதுதான் மறுமுனையில் அமைதி நிலவியது. ஓடைக்கரை ஆட்களிடம் வெள்ள மட்டத்தைக் கேட்பது முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. தண்ணீர் பாலத்தின் மேல் ஏறினால், அடித்து வரும் கட்டையும் செத்தையும் கைப்பிடியில் அடைத்துக்கொண்டு பாலத்தையே ஒரு தடுப்பணையாக்கிவிடும். அந்தத் தள்ளுவிசைக்கு இரும்பும் ஒன்றுதான், மரமும் ஒன்றுதான்.

ஆனாலும் அவர்கள் சாக்குச் சொல்லவில்லை என்பதையும் எழுதியாக வேண்டும். மறுவாரமே தனிக் கட்டணம் இல்லாமல் வந்து, பாட்டி காட்டிய இடத்தில் மட்டம் பிடித்து, கற்கட்டின் மேல் இரண்டடி உயரம் கூட்டவும், பீம்களைக் கற்கட்டோடு நங்கூர போல்ட் போட்டு இறுக்கவும், கைப்பிடியைக் கழற்றி வைக்கக்கூடிய விதத்தில் அமைக்கவும் அறிக்கையைத் திருத்தித் தந்தார்கள். மதிப்பீடு 40 ஆயிரம் கூடியது. அது ஊராட்சியில் சிறு முணுமுணுப்பை எழுப்பினாலும், டிசம்பரை நேரில் பார்த்தவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

வேலை ஆடிக்குள் முடிந்தது. பெரிய வண்டிகள் ஏறாதிருக்க இரு முனைகளிலும் கருங்கல் தூண் நட்டிருக்கிறோம். பழைய வேங்கை உத்தரங்களின் முனைகளை அறுத்துத் தள்ளியபோது, நடுப்பகுதி செம்பழுப்பு நிறத்தில் அப்படியே இருந்தது. ஆசாரி அதைக் கீழே வைக்க மனமில்லாமல் தடவிக்கொண்டே இருந்தார். புதிய பாலத்தின் எட்டுக் கைப்பிடிக் கால்களையும் அந்த மரத்தில்தான் அவர் இழைத்தார். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் போல்ட்டுகளையும் கற்கட்டின் அடியையும் பார்த்துச் சொல்ல, 2,000 ரூபாய்க்கு அதே சேவையினரிடம் பேசி வைத்திருக்கிறோம். இம்முறை அறிக்கை தமிழில் வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டோம்.