பனி மூடிய கடற்கரை ஊரா, நம் வாவிக்கரையா?

பிள்ளைகளுக்கான அமானுஷ்யக் கதை, அதுவும் கடற்கரை ஊரில் நடப்பது என்றால் எனக்குக் கொள்ளை ஆசை. ஆங்கிலக் கதைகளில் அது பெரும்பாலும் குளிர்கால ஊர்: பனிமூட்டம், வெறிச்சோடிய ஹோட்டல், அலைக்குள் ஏதோ ஒன்று. மட்டக்களப்பின் கல்லடியில் வியர்க்க வியர்க்க வாசிக்கும் பிள்ளைக்கு அந்தக் குளிரே பாதி மாயம்.

ஆனால் பயம் என்று வந்தால் நான் நம் மட்டக்களப்பு வாவியின் பக்கம்தான். 2013இல் புதுப் பாலம் திறந்தபிறகு, பழைய கல்லடிப் பாலத்தில் வாகன இரைச்சல் குறைந்துவிட்டது. முழுநிலா இரவில் அதன் கீழே தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, மறுமுனையில் காதை வைத்தால் பாடும் மீனின் பாட்டுக் கேட்கும் என்பார்கள். பாடுவது மீனா, சிப்பியா என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. இதைச் சொல்லிவிட்டு அம்மம்மா விளக்கைக் குறைத்தால் போதும், பிள்ளை வாவிப் பக்கம் திரும்பவே மாட்டாள்.

சின்னப் பிள்ளை என்றால் முதலில் அம்மம்மாவின் கதை, மடியில் வைத்து. பத்து வயதைத் தாண்டியவளா, சரி, புத்தகத்தைக் கையில் கொடுங்கள். தனியாக, இரவில் வாசிக்கட்டும்.